சத்தம் வருதான்னு பாக்கத்தான்

வாங்க தம்பி, செருப்பு அங்கயே கெடக்கட்டும், ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. தாராபுரத்துல இருந்தா வாரீங்க? பஸ்சுலயா? போறப்ப காருலயே போயிக்கலாம்னு நெனச்சு வந்திருப்பீங்க. நல்ல நெனப்புத்தான். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

எங்கூட்டுக்காரர் குளிக்கறாரு. அவரு குளிக்கப் போனா குளத்தத் தூர் வாரிட்டு வர்ற மாதிரி, நேரமாகும். விளம்பரம் போட்டது அவரு. போன்ல உங்ககிட்டப் பேசுனதும் அவரு. ஆனா ஓட்டறது நான். அதனால வண்டியப் பத்தி எங்கிட்டத்தான் கேக்கோணும். எனக்கும் கார் சமாச்சாரம் ஒண்ணுந் தெரியாதுங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. இருபத்திரண்டு வருசமா பொள்ளாச்சிக்காரங்க கையில ஊசியக் குத்திக்கிட்டு இருக்கேன். எனக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு அவசரத்துக்கு ஓட்டுவேன், அவ்வளவுதான்.

விக்கறதுல எனக்கு முழுச் சம்மதம். அதையும் சொல்லிடறேன். அந்தச் சனியன் வாசல விட்டுப் போனாப் போதும்.

ஆனா மூடி மறைச்சு விக்கற பழக்கம் நமக்கு இல்ல. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்கறத முழுசாக் கேட்டுட்டுத்தான் நீங்க சாவியத் தொடோணும். காபி சாப்புடுவீங்கல்ல? இருங்க, அடுப்புல பாலு இருக்குது.

இந்தாங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

வண்டி ரெண்டாயிரத்து மூணு மாடல். ஜப்பான்காரன் வண்டி. பேரு பின்னாடி எழுதியிருக்குது, பாத்துக்குங்க. ராலின்னு காருப் பந்தயம் விடுவாங்கல்ல, அதுல எல்லாம் ஓடுன மாடல்ங்க அது. மேல வால்பாறையில ஒரு டீ எஸ்டேட்டுக்காரர் வச்சிருந்தாரு. எங்கூட்டுக்காரர் அவரோட உரக்கடைக்கு நேர் எதுர்ல ஒருத்தர் புதுசா கார் வாங்கிட்டாருங்கற ஒரே காரணத்துக்காக, பத்து வருசத்துக்கு முன்னால இதப் போயி வாங்கிட்டு வந்தாரு. செகப்பு வேற. மிதிச்சா நம்ம முதுகு சீட்டோட ஒட்டிக்கும். அப்பேர்ப்பட்ட வண்டிய இவரு நாப்பதுல ஓட்டுவாருங்க. நாப்பது! பால்காரன் மொபெட்டுல ரெண்டு கேனக் கட்டிக்கிட்டு எங்களத் தாண்டிப் போவான். இவரு கண்ணாடிய எறக்கி, கையக் காட்டி, "போ போ"ம்பாரு, பெருந்தன்மையா.

அப்பறம் ஒரு நாள் கடையில உர மூட்ட மேல வழுக்கி விழுந்து முட்டிச் சில்லு ஒடஞ்சு போச்சு. கிளச்ச மிதிக்க முடியல. அன்னிக்குத்தான் சாவி எங்கைக்கு வந்துச்சு. நான் ஆசப்பட்டு வாங்குனதில்லீங்க. கடையத் தெறக்கோணும், அவரக் கொண்டு போய் விடோணும், வேற வழியில்ல.

நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. டிராபிக் போலீஸ்காரருகூட என்னையப் பாத்தா, "அக்கா, இன்னிக்கு என்ன பிளேன் லேட்டா?"ன்னு கேப்பாரு. அது சும்மா ஒரு இதுக்குச் சொல்றது.

சத்தம் வந்தது போன வருசம் ஆடி மாசம். டொக். வேகத்தடையில ஏறி எறங்குனா டொக். பிரேக்கு மிதிச்சா டொக். எடது பக்கம் முன்னாடி, அடியில இருந்து, யாரோ கதவத் தட்டிட்டு ஓடிப் போற மாதிரி ஒரு டொக். நான் சொன்னேன், "ஏனுங்க, சத்தம் வருது." அவரு சொன்னாரு, "ரோடு அப்படி." நல்ல ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். "டயர் அப்படி"ன்னாரு. டயரு உள்பக்கம் மட்டும் மொட்டையாத் தேஞ்சிருக்குது, ஸ்டியரிங்க விட்டா வண்டி எடது பக்கமா ஓடுது, இதெல்லாம் எடுத்துச் சொன்னேன். அதுக்கு அவரு என்ன வைத்தியம் பண்ணுனாருன்னு நெனைக்கறீங்க? பாட்டுச் சத்தத்த ஏத்தி வச்சாரு. மெய்யாத்தான் தம்பி. காதுகுத்துக்கு ரேடியோ கட்டுன மாதிரி பாட்டப் போட்டுட்டு, "இப்பக் கேக்குதா?"ங்கறாரு.

நான் விடல. சரின்னு அவரோட சிநேகிதர் சபாபதின்னு ஒருத்தரு, ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்காரு, அங்க கொண்டு போனாரு. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சாம். அதுதான் அந்த ஆளோட படிப்புத் தகுதியே. சபாபதி வண்டிய லிப்டுல தூக்கி, நாலு சக்கரமும் அந்தரத்துல தொங்க, சாக்ஸ், அதாவது குலுக்கத்தத் தாங்கற ஷாக் அப்சார்பர், ரெண்டையும் மாத்துனாரு. லோயர் ஆம்னு ஒண்ணு இருக்குதுங்க, சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிக்கற கை மாதிரி இரும்பு. அதுல இருக்கற ரப்பர் புஷ்ஷையும் மாத்துனாரு. மாத்தி, தொங்க விட்டபடியே போல்ட்ட எல்லாம் முடுக்கி, கீழ எறக்கிக் குடுத்தாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அந்தக் கையோட முனையில சக்கரத்தத் தாங்கற பால் ஜாயின்ட்டுக்கு மேல ரப்பர் உறை கிழிஞ்சு தொங்குச்சு. "இதையும் பாத்துருங்கண்ணா"ன்னேன். சபாபதி என்னையப் பாக்கவே இல்ல. எங்கூட்டுக்காரரப் பாத்து, "பழைய வண்டின்னா அப்படித்தான்டா இருக்கும். ஊட்டுல சமையல்கட்டுலயும் இப்படித்தான் கேள்வி கேப்பாங்களா?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

சிரிக்கட்டும். சத்தம் நின்னு போச்சு. ரெண்டே மாசம். அப்பறம் திரும்பி வந்துச்சு, இந்தத் தடவ கூட்டாளியோட. டொக்குன்னு வந்தது டொக்-கடக்குன்னு வந்துச்சு.

கார்த்திகை மாசத்துல வால்பாறையில ஒரு காதுகுத்து. எங்க நங்கையா, அதாவது இவரோட அக்கா, அவங்க சொந்தத்துல. நான் சொன்னேன், "பஸ்சுல போலாங்க. வண்டி சரியில்ல." நங்கையா கேக்கல. "காரு வச்சுக்கிட்டு பஸ்சுல போயி எறங்குனா என்ன நெனப்பாங்க?" இவரும், "சபாபதி பாத்துட்டான்ல, அப்பறம் என்ன?"ன்னாரு.

போனோம். ஏறறப்ப ஒண்ணும் ஆகல. எறங்கறப்ப மழை. நாப்பது கொண்டை ஊசி வளைவுங்க அந்த மலையில. பாதிக்கு மேல எறங்கிட்டோம். கீழ இருந்து எண்ணுனா பன்னெண்டாவது வளைவு, அதுக்கு முன்னாடியே எனக்குக் கையில தெரிஞ்சு போச்சு. எப்படின்னு கேக்காதீங்க. ஊசி நரம்புக்குள்ள போச்சா, நழுவிருச்சான்னு வெரலுக்குத் தெரியுமில்லீங்களா, அந்த மாதிரி. ஸ்டியரிங்கு திடீர்னு லேசாயிருச்சு. நான் ஒண்ணாவது கியருக்கு எறக்கி நத்த மாதிரி உருட்டுனேன். பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன் அடிக்கறான். எங்கூட்டுக்காரர், வாழ்க்கையில நாப்பதத் தாண்டாத மனுசன், "போ போ, திட்றான் பாரு"ங்கறாரு. நங்கையா பின்னாடி முறுக்குத் தூக்குவாளிய மடியில வச்சுக்கிட்டு, "வேகமாத்தான் போயேன் மல்லீஸ்வரி, எனக்கு வாந்தி வருது"ங்கறாங்க. நான், "மாட்டேன்"னேன்.

அப்பத்தான் படார்னுச்சு.

பால் ஜாயின்ட்டு புடுங்கிக்கிட்டு வந்துருச்சுங்க. எடது சக்கரம் பக்கவாட்டுல மடங்கி, வண்டி ஒரு பக்கமா மூக்குக் குத்தி உக்காந்துருச்சு. உக்காந்தபடியே தரையச் சொரண்டிக்கிட்டு ஒரு பதினஞ்சு அடி போச்சு. கைப்பிடிச் சொவரு இருந்துச்சு, அதுல மூக்க முட்டி நின்னுச்சு. சொவத்துக்கு அந்தப் பக்கம் ஆழியாறு டேம், சொப்புச் சாமான் மாதிரி, அத்தனூண்டு தெரியுது கீழ. நத்த மாதிரி போனதுனால சொவரோட நின்னோம். இவங்க ரெண்டு பேரும் சொன்ன வேகத்துல போயிருந்தா காதுகுத்துக்கு வந்தவங்க அப்படியே மறுநாள் எங்க எழவுக்கும் வந்திருக்கோணும்.

எங்கூட்டுக்காரர் எம் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டாரு. கை ஐஸ் மாதிரி சில்லுனு இருந்துச்சு. மலை மேல குளிருங்க, மழை வேற. வாய் அசையுது, சத்தம் வரல. நங்கையா, "எறங்குடா சென்னியப்பா"ன்னு கத்தறாங்க. இவரு கதவு கைப்பிடியத் தேடறாரு, எங்க தேடறாரு? எம் பக்கத்துல. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துருச்சு.

சிரிப்பு அப்பறம் நின்னு போச்சு. பஸ் கண்டக்டர் எறங்கி ஓடி வந்தாரு. "என்னாச்சு சார்?"னு கேட்டாரு. இந்த மனுசன், அதுவரைக்கும் பேச்சே வராத மனுசன், வாயத் தெறந்து சொன்ன மொத வார்த்த என்ன தெரியுமா?

"இவ ஓட்டுன ஓட்டு அப்படி."

அத மட்டும் என்னால தாங்க முடியல தம்பி. இன்னிக்கும் முடியல. பஸ்சுல இருந்தவங்க அத்தன பேரும் என்னையப் பாத்தாங்க. ஒரு அம்மா, "பொம்பளைக்கு எதுக்கு மலை ரோட்டுல காரு?"ன்னு சன்னல் வழியாக் கேட்டுச்சு. வண்டியத் தூக்கிப் போக வந்தவங்ககிட்டச் சொன்னாரு. கடைக்கு உரம் வாங்க வந்தவங்ககிட்டச் சொன்னாரு. எங்க லேப்புக்கு சக்கரை டெஸ்ட்டுக்கு வந்த ஒரு பெரியவரு, நான் ஊசியக் கையில எடுத்ததும், "நீதான மலையில காரக் கவுத்த அம்மணி? பாத்துக் குத்து"ன்னாரு. கவுக்கவே இல்லீங்க!

ஒம்பது நாள் அவருகிட்ட நான் பேசல. பத்தாவது நாள் கேஸ் சிலிண்டர் தீந்து போச்சு, பேச வேண்டியதாப் போச்சு.

வண்டிய மலையடிவாரத்துல, அங்கலக்குறிச்சியில சிக்கந்தர் ஒர்க்‌ஷாப்புல எறக்கியிருந்தாங்க. பக்கத்துல அதுதான் இருந்துச்சு. சிக்கந்தருக்கு ஒரு அம்பது வயசு இருக்கும். ராலி வண்டிகளுக்குப் பின்னாடி சர்வீஸ் வண்டியில போயி வேல பாத்தவரு. ரெண்டு வாரங் கழிச்சு நான் போனப்ப, குழிக்குள்ள எறங்கி வண்டிக்கு அடியில நின்னுக்கிட்டிருந்தாரு. "யாருக்கா இத ஓட்டுனது?"ன்னாரு. நான் கெட்ட நேரம் ஆரம்பிச்சுருச்சுன்னு நெனச்சு, "நாந்தான். என்னால போச்சுன்னுதான் ஊரே சொல்லுது"ன்னேன். அவரு மேல ஏறி வந்து, கைய வேட்டித் துணியில தொடச்சுக்கிட்டுச் சொன்னாரு. "அக்கா, இது ஓட்டுனதுல போனதில்ல. முடுக்குனதுல போனது."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பெட்ரோல் வாடைக்கு.

அவரு காட்டுனாரு. அந்த ரப்பர் புஷ்ஷு இருக்குதே, அது நடுவுல இருக்கற இரும்போட ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கறப்ப போல்ட்ட முடுக்குனா, அந்தத் தொங்கற நெலைதான் அதுக்கு நேர்நெலை. அப்பறம் வண்டியக் கீழ எறக்குனா, முழுப் பாரத்தோட ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், ராப்பகலா. கழுத்தத் திருப்பி வச்சபடியே ரெண்டு மாசம் தூங்கற மாதிரி. கிழியாம என்ன பண்ணும்? புஷ்ஷு கிழிஞ்சு, ஆட்டங் குடுத்து, அந்த ஆட்டமெல்லாம் ஏற்கெனவே உறை கிழிஞ்சு மழைத்தண்ணி எறங்கித் துருப்புடிச்ச பால் ஜாயின்ட்டு மேல விழுந்துருச்சு. "சக்கரம் தரையில நிக்கறப்பத்தான் கடைசி முடுக்கு முடுக்கோணும். இது தெரியாதவன் ஸ்பேனரத் தொடவே கூடாது"ன்னாரு சிக்கந்தர். அந்த வார்த்தைய நான் மனசுலயே எழுதி வச்சிருக்கேன்.

அந்தக் கிழிஞ்ச புஷ்ஷ ஊட்டுக்குக் கொண்டாந்து, எங்கூட்டுக்காரர் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். கறுப்பா, எண்ணெய் வடிஞ்சு கெடந்துச்சு. அவரு பாத்துட்டு, "நார்த்தங்காயா?"ன்னு கையில எடுத்துட்டாரு. "உங்க சபாபதியோட யோக்கியத"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவரு கேட்டுட்டு, அத இருந்த எடத்துலயே திருப்பி வச்சுட்டு, "சபாபதி அப்படிச் செய்ய மாட்டான்"னாரு. அவ்வளவுதான். மோர ஊத்திக்கிட்டுச் சாப்புட்டு எந்திரிச்சுட்டாரு. சாகப் பாத்தோமே, நீ மெதுவாப் போனதுனால பொழச்சோமேன்னு ஒரு வார்த்த? ம்ஹூம். அதுக்கப்பறம் ஒரு வாரம் அவரு சரியாத் தூங்கல, பொரண்டு பொரண்டு படுத்தாரு. சிநேகிதன் மானம் போச்சேன்னுதான் இருக்கும்.

சரின்னு நானே எறங்கிட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் லேப்பு லீவு. சோத்தக் கட்டிக்கிட்டு அங்கலக்குறிச்சிக்குப் போயிருவேன், பஸ்சுல. சாமானெல்லாம் வெளியூர்ல இருந்து வரோணும், பழைய மாடலாச்சே. மொதல்ல ரெண்டு லோயர் ஆம் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா ரெண்டும் எடது! ரெண்டும் எடது கால் செருப்பு மாதிரி. சிக்கந்தர் ஒண்ணத் திருப்பித் திருப்பி வச்சுப் பாக்கறாரு, தலகீழாப் புடிச்சுப் பாக்கறாரு, எப்படி வச்சாலும் அது எடதுதான். திருப்பி அனுப்பி, வலது வர்றதுக்குள்ள தை பொறந்துருச்சு.

பழசக் கழட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்க. ஒரு போல்ட்டு துருப்புடிச்சு இறுகிப் போச்சு. எண்ணெய் விட்டாரு, நெருப்பக் காட்டுனாரு, அசையல. ஸ்பேனருல ஒரு நீளக் குழாயச் சொருகித் தொங்குனாரு. அந்த ஆளு ஒல்லி, குழாய்தான் இவர ஆட்டுச்சு. "தள்ளுங்க சிக்கந்தரு"ன்னு சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு நான் போயி குழாய் மேல உக்காந்தேன். கிரீச்சுன்னுச்சு. அடுத்த நிமிசம் நான் தரையில. "மல்லீக்கா, இத்தன வருசத்துல நான் பாத்ததுலயே நல்ல டூல் நீங்கதான்"னாரு. கோவிக்கறதா, சிரிக்கறதான்னு தெரியல. ரெண்டு நாள் உக்கார முடியல, நின்னுக்கிட்டேதான் ரத்தம் எடுத்தேன்.

ஆமு ரெண்டும் புதுசு. பால் ஜாயின்ட்டு புதுசு. லிங்க் ராடு, டை ராடு முனை, சாக்ஸுக்கு மேல இருக்கற மவுண்ட்டு, அத்தனையும் புதுசு. எல்லாம் மாட்டி, குழிக்கு மேல வண்டிய நாலு சக்கரத்துலயும் எறக்கி நிறுத்தி, பேனட்டப் புடிச்சு நாலு தடவ அமுக்கி விட்டோம், வண்டி அது எடத்துல அதுவா உக்காரட்டும்னு. அப்பறம் சிக்கந்தர் அளவு வச்சு முடுக்கற ஸ்பேனர எங்கையில குடுத்து, "கடைசி முடுக்கு நீங்க முடுக்குங்க"ன்னாரு. குழிக்குள்ள எறங்கி முடுக்குனேன். அளவு வந்ததும் அது டொக்குன்னு ஒரு சத்தங் குடுக்குமுங்க. அந்த டொக்குக் கேட்டப்ப எனக்கு… இல்ல, ஒண்ணுமில்ல. இரும்புச் சத்தம், வேறென்ன.

காபி ஆறிப் போச்சு பாருங்க. குடிங்க.

இப்ப வண்டி எப்படிங்கறீங்களா? தண்ணி மேல எல போற மாதிரி போகுது. சத்தமே இல்ல. ஆனா நம்ப முடியுமா? பழைய வண்டி. சோதிச்சுப் பாக்கோணுமில்லீங்களா? அதுக்காக ஞாயித்துக்கெழமைன்னா விடியக்காலம் எடுத்துட்டு மலைக்குப் போவேன். சத்தம் வருதான்னு பாக்கத்தான். மொதல்ல ஆழியாறு வரைக்கும் போனேன். வரல. அடுத்த வாரம் அந்தப் பன்னெண்டாவது வளைவு வரைக்கும். வரல. அப்பறம் உச்சி வரைக்கும் போயி, ஒரு டீயக் குடிச்சுட்டு எறங்குவேன். ஏறறப்ப வர்ற சத்தம் வேற, எறங்கறப்ப வர்ற சத்தம் வேறன்னு சிக்கந்தரு சொன்னாரு. மாசியில ஆரம்பிச்சது, ஆனி வந்துருச்சு. ஒரு வாரமும் விடல. இன்னும் சத்தம் வரல. போன வாரம் வளைவுல ரெண்டாவது கியர்ல திருப்பி மிதிச்சப்ப, மூக்கு அப்படியே நான் நெனச்ச எடத்துக்குப் போயி நின்னுச்சு பாருங்க, நெனச்சது கையில, கையில இருந்தது ரோட்டுல… சத்தம் வருதான்னு பாக்கத்தான் தம்பி அதெல்லாம். எனக்கு அதுமேல ஒரு ஒட்டும் கெடையாது.

இவருக்குப் புடிக்கல. நேராச் சொல்ல மாட்டாரு. ஆனா நான் திரும்பி வர்றப்ப கேட்டுல நிப்பாரு. செடிக்குத் தண்ணி ஊத்தறாராம்! இப்ப ஆனி மாசம், தூத்தல் விடறதேயில்ல. மழை கொட்டுது, இவரு ஒரு கையில கொடையப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில தண்ணிக் குழாயப் புடிச்சு செம்பருத்திக்குப் பாய்ச்சறாரு. நான் வந்து எறங்குனதும் குழாய மூடிட்டு உள்ள போயிருவாரு, ஒரு வார்த்த பேசாம. அப்படி ஒரு கிறுக்கு. போன மாசம் ஒரு நாள், "வித்துரலாம் மல்லீஸ்வரி"ன்னாரு. "வித்துருங்க, எனக்கென்ன?"ன்னேன். மறுநாளே விளம்பரம் போட்டுட்டாரு.

நீங்க நாலாவது ஆளு. மொத ஆளு டயர செருப்புக் காலால ஒதச்சுப் பாத்தான். போயிருன்னுட்டேன். ரெண்டாவது ஆளு மைலேஜ் எவ்வளவுன்னான். அவனுக்கெல்லாம் காபி குடுக்கல. மூணாவது ஒரு டாக்டரு, நல்ல மனுசன், ஆனா அவருக்குக் கை நடுங்குது. வண்டியக் குடுக்க முடியுங்களா?

உங்களப் பாத்தா பரவால்ல. கொழந்த குட்டி இருக்குதுன்னு சொன்னீங்க. வாங்கி என்ன பண்ணுவீங்க?

என்னது?

ஸ்பிரிங்க அறுத்து எறக்குவீங்களா? தரையோட தரையா? பெரிய டயரு போட்டு? கறுப்பு ஸ்டிக்கரு வேறயா!

தம்பி, டம்ளரக் கீழ வைங்க.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. ஸ்பிரிங்க அறுத்தா அந்தக் கை ரெண்டும் எந்த நெலையில நிக்கும்னு யோசிச்சீங்களா? நான் குழிக்குள்ள நின்னு அளவு பாத்து முடுக்குனது எதுக்கு? உக்கார முடியாம ரெண்டு நாள் நின்னது எதுக்கு? விக்க மாட்டேன்னு நான் சொல்லலீங்க. விக்கறதுல முழுச் சம்மதம். உங்களுக்கு விக்க மாட்டேன், அவ்வளவுதான்.

அலைய வச்சுட்டேன்னு வருத்தப்படாதீங்க. ஒருத்தருக்கும் விக்க மாட்டேன்னா சொல்றீங்க? அப்படியெல்லாம் இல்ல. சரியான ஆளு வரட்டும்.

என்னங்க?

எனக்காகவா? அவரு கேட்டுல நிக்கறது எனக்காகவா தம்பி?

யாரு சொன்னா உங்களுக்கு? நீங்க வந்தே ஒரு மணி நேரம் ஆகல. அவரு செடிக்குத்தான்…

மழையில எதுக்கு செடிக்குத் தண்ணின்னு நானும் நெனச்சேன். கிறுக்குன்னுதான் நெனச்சேன்.

இருங்க. நான் ஏழு மணிக்கெல்லாம் வந்த அன்னிக்கும் நின்னாரு. போன வாரம் மேல மரம் விழுந்து ரோட்ட மறிச்சு, வர்றதுக்கு மணி பத்தாயிருச்சு. அன்னிக்கும் நின்னாரு. கொடை இருந்தும் வேட்டி முட்டி வரைக்கும் நனைஞ்சு கெடந்துச்சு. செம்பருத்திக்கு அடியில பாத்தி ஒடஞ்சு, தண்ணி தெருவுக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் எறங்குனதும், "தண்ணியா வேஸ்ட்டு பண்ணறீங்க?"ன்னு கத்துனேன். அவரு குழாய மூடுனாரு. கை நடுங்குச்சு. நனைஞ்சதுல நடுங்குதுன்னு, போயிக் கசாயம் வச்சுக் குடுத்தேன்.

அந்த முட்டியோட மூணு மணி நேரம்.

ஏன் தம்பி, வாயத் தெறந்து சொல்றதுக்கு என்ன? பயமா இருக்குது, போகாதன்னு ஒரு வார்த்த? கண்டக்டர்கிட்ட மட்டும் பேச்சு வந்துச்சில்ல? அன்னிக்கும் அப்படித்தானோ என்னவோ. நடுங்கிக்கிட்டு வாயில வந்தத…

சரி. எந்திரிங்க. நீங்க ஒண்ணும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். பாத்ரூம் கதவு சத்தங் கேட்டுச்சு.

ஏனுங்க! சட்டையப் போட்டுட்டு வாங்க. தம்பிய பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தரலாம். இல்ல, விக்கல. அந்தச் சண்டைய அப்பறம் போட்டுக்கலாம், இப்ப வாங்க. ஆட்டோ எதுக்கு? வாசல்ல காரு நிக்குது. ஆமா, நீங்களுந்தான். மலையில இருந்து வந்தப்பறம் ஒரு நாளாச்சும் இதுல ஏறுனீங்களா? நானும் கேக்கல, நீங்களும் சொல்லல.

வாங்க தம்பி, நீங்க பின்னால ஏறிக்குங்க. கதவ நல்லா அடிச்சுச் சாத்துங்க. ஏனுங்க, நீங்க முன்னால, எம் பக்கத்துல. மெதுவா, முட்டிய மடக்கி வைங்க. பெல்ட்டுக் கொக்கி இந்தா, நான் போட்டு விடறேன். தல தொவட்டவே இல்ல, தண்ணி சொட்டுது பாருங்க.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். வழியில பயமா இருந்தா, பயமா இருக்குதுன்னு வாயத் தெறந்து சொல்லிருங்க. ரோட்டக் கொற சொல்லாதீங்க, என்னையக் கொற சொல்லாதீங்க, பாட்டப் போடாதீங்க. சொன்னா அந்த எடத்துலயே ஓரங்கட்டி நிறுத்திடறேன். தம்பிக்கு முன்னாலயே சத்தியம் பண்ணறேன்.

என்னங்க?

இப்பவே பயமா இருக்குதா? நான் இன்னும் சாவியே போடலீங்களே.

இல்ல, சிரிக்கல. நெசமா சிரிக்கல. கையக் குடுங்க இப்படி. சரி, அவசரமில்ல, செத்த நேரம் சும்மா உக்காந்திருப்போம்.

தம்பி, தாராபுரத்துக்கு அடுத்த பஸ்சு எத்தன மணிக்கு?